எவ்வளவு நாளாக, எப்போதிலிருந்து, எதற்குள்: ஆங்கிலத்தில் காலத்துக்கு முன்னால் வரும் சின்னச் சொற்கள்

"ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்." இந்த வாக்கியத்தை நேர்முகத் தேர்விலோ ஆபீஸ் மீட்டிங்கிலோ கேட்காதவர்கள் குறைவு. சொல்ல வந்தது புரிந்துவிடும், வேலையும் நடந்துவிடும். ஆனாலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் காதில் இது இரண்டு இடத்தில் இடறும். ஒன்று சின்ஸ். இன்னொன்று ஆம் வொர்க்கிங். சரியான வாக்கியம்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்."

ஃபார், சின்ஸ், இன், விதின், டியூரிங், பை, அன்டில் என்று காலத்தைக் குறிக்கும் சொற்களுக்கு முன்னால் வந்து உட்காரும் இந்தச் சின்னச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் நாலு அர்த்தம் போட்டிருக்கும், படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், வாயைத் திறந்து பேசும்போது பட்டியலைத் தேட நேரம் இருக்காது. அதைவிட நல்ல கருவி நம் கையிலேயே இருக்கிறது. ஐந்து வருஷமாக, ஐந்து வருஷத்தில், ஐந்து வருஷத்துக்குள், ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஐந்து வருஷம் கழித்து. இதில் எது எப்போது வரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் தவறவே மாட்டோம். தமிழில் சொல்லுக்குப் பின்னால் வாலாகத் தொங்குவது ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் தலையாக வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் தமிழ் வாலைப் பார்த்தே ஆங்கிலத் தலையைக் கண்டுபிடித்துவிடலாம். சில இடங்களில் மட்டும் தமிழ் காலை வாரிவிடும். அந்த இடங்களில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் பார்ப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் உதவும்.

ஃபாரும் சின்ஸும்

எவ்வளவு காலம் என்று கேட்டால் பதிலாக வருவது ஒரு நீளம்: பத்து நிமிஷம், மூன்று வாரம், ஐந்து வருஷம், ரொம்ப நாள். எப்போதிலிருந்து என்று கேட்டால் வருவது ஒரு தொடக்கப் புள்ளி: நேற்று, திங்கட்கிழமை, 2019, கல்யாணம் ஆனதிலிருந்து. நீளத்துக்கு ஃபார், புள்ளிக்கு சின்ஸ். மெட்ராஸ் என்ற பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை என்று மாறியது 1996-இல். "த சிட்டி ஹேஸ் பீன் கால்ட் சென்னை சின்ஸ் 1996" என்று சொல்லலாம், ஏனென்றால் 1996 ஒரு புள்ளி. "சின்ஸ் தர்ட்டி இயர்ஸ்" என்று சொல்ல முடியாது, முப்பது வருஷம் என்பது புள்ளி இல்லை, நீளம்.

இந்தப் பிரிவினை தமிழில் அப்படியே இருக்கிறது. "அஞ்சு வருஷமா இருக்கேன்" என்போம், "2019லேர்ந்து இருக்கேன்" என்போம். இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆகவே 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்ற தவறுக்குத் தமிழ் மீது பழி போட முடியாது. இந்தியில் "பாஞ்ச் சால் ஸே", "2019 ஸே" என்று இரண்டுக்கும் ஒரே 'ஸே'தான், ஜெர்மன்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும்கூட இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் அவர்கள் ஆங்கிலம் பேசும்போது இங்கே தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. சுற்றி எல்லோரும் பேசுவது நமக்கும் ஒட்டிக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழில் 'ஆ' என்று முடிந்தால் ஃபார், 'லேர்ந்து' என்று முடிந்தால் சின்ஸ். பேசுவதற்கு முன் அரை நொடி இதை நினைத்தால் போதும்.

ஆனால் இதற்குள்ளேயே சில குழிகள் உண்டு. முதல் குழி, "சின்ஸ் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்". லாஸ்ட் என்று வந்துவிட்டதால் ஏதோ ஒரு குறிப்பிட்ட தேதி மாதிரி தோன்றுகிறது, உண்மையில் கடந்த ஐந்து வருஷம் என்பதும் ஒரு நீளம்தான், ஆகவே "ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்". அதேசமயம் "சின்ஸ் லாஸ்ட் இயர்" சரி, "சின்ஸ் லாஸ்ட் மண்டே" சரி, ஏனென்றால் போன வருஷமும் போன திங்களும் தொடக்கப் புள்ளிகள். லாஸ்ட் என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்கப்புறம் வருவது நீளமா புள்ளியா என்று பாருங்கள். "சின்ஸ் லாங்", "சின்ஸ் எ லாங் டைம்" இரண்டும் இதே தவறின் உறவினர்கள், "ஃபார் எ லாங் டைம்" என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, "இட் ஹேஸ் பீன் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஐ கேம் ஹியர்" என்ற வாக்கியம். இதில் ஐந்து வருஷமும் சின்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் சின்ஸ் நீளத்தோடு வரலாம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உற்றுப் பாருங்கள், சின்ஸ் ஒட்டியிருப்பது ஐந்து வருஷத்தோடு இல்லை, "ஐ கேம் ஹியர்" என்ற நிகழ்ச்சியோடு. நான் இங்கே வந்தது என்பது ஒரு புள்ளி. விதி உடையவில்லை.

மூன்றாவதுதான் பெரிய குழி, அது ப்ரெப்பொசிஷனில் (ஃபார், சின்ஸ் போன்ற இந்தச் சின்னச் சொற்களுக்கு இலக்கணத்தில் அதுதான் பெயர்) இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் "அஞ்சு வருஷமா வேலை பாக்கறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் "ஐ ஆம் வொர்க்கிங்" என்று வரும். முன்பு தொடங்கி இப்போது வரை நீளும் விஷயத்துக்கு ஆங்கிலம் நிகழ்காலத்தை ஏற்காது, 'ஹேவ் பீன்' அல்லது 'ஹேஸ் பீன்' கேட்கும். அதே நீளம் முடிந்துபோன ஒன்று என்றால் சாதாரண இறந்தகாலம் போதும்: "ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் இப்போது மதுரையில் இல்லை. "ஐ ஹேவ் லிவ்ட் இன் மதுரை ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் பெரும்பாலும் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். இரண்டிலும் அதே ஃபார்தான். தமிழில் "மூன்று வருஷம் இருந்தேன்", "மூன்று வருஷமாக இருக்கிறேன்" என்று நாம் வாலையும் வினையையும் சேர்த்து மாற்றுகிறோம், ஆங்கிலம் வினையை மட்டும் மாற்றுகிறது.

இதைக் கவனிக்காவிட்டால் அர்த்தமே மாறிப்போகும் இடமும் உண்டு. வெளியூர் போயிருக்கிறீர்கள், வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. ஹோட்டலில் யாரோ கேட்க, "ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்" என்கிறீர்கள். அவர் புரிந்துகொள்வது என்ன தெரியுமா? மொத்தம் மூன்று நாள் தங்கப்போகிறேன் என்று. வந்து மூன்று நாள் ஆகிறது என்பதற்கு "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்". ப்ரெப்பொசிஷன் சரியாக இருந்தும் விஷயம் கைமாறிவிட்டது, இலக்கணப் பிழையும் இல்லாததால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். அதனால்தான் இதைப் பெரிய குழி என்கிறேன்.

ஃபார் சில சமயம் காணாமலும் போகும். "ஐ ஸ்டேட் எ வீக்", "வி வெய்ட்டட் டூ அவர்ஸ்" என்றெல்லாம் பேச்சில் சகஜம். 'ஆல் டே', 'ஆல் நைட்' முன்னால் அது வரவே கூடாது, "ஃபார் ஆல் டே" என்பது தவறு.

ஃப்ரம் என்ற ஏமாற்றுக்காரன்

இங்கே தமிழ் நிஜமாகவே காலை வாரும். 'இலிருந்து' என்றாலே நம் மனசில் ஃப்ரம் வந்துவிடுகிறது. மதுரையிலிருந்து என்றால் ஃப்ரம் மதுரை, 2019-இலிருந்து என்றால் ஃப்ரம் 2019. இடத்துக்குச் சரி. காலத்துக்கு எல்லா இடத்திலும் சரியில்லை. முன்பு தொடங்கி இப்போதும் தொடர்வதற்கு சின்ஸ்தான், "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃப்ரம் 2019" என்று சொன்னால் காதுக்கு ஏதோ குறைகிறது.

ஃப்ரம் எப்போது வரும்? இரண்டு முனையும் தெரியும்போது: சச்சின் டெண்டுல்கர் சர்வதேச கிரிக்கெட் ஆடியது "ஃப்ரம் 1989 டு 2013". அப்புறம், இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்னும்போது: "த ஷாப் வில் பி ஓப்பன் ஃப்ரம் மண்டே". முடிந்துபோனதற்கும் வரப்போவதற்கும் ஃப்ரம், நடந்துகொண்டே இருப்பதற்கு சின்ஸ் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

'காலையிலேர்ந்து தலைவலி' என்பதற்கு "சின்ஸ் மார்னிங்" என்று இந்தியாவில் எல்லோரும் சொல்கிறோம். வெளிநாட்டில் "சின்ஸ் திஸ் மார்னிங்" என்பார்கள். இதற்காக நான் யாரோடும் சண்டை போட மாட்டேன், ஆனால் வெளிநாட்டு கிளையண்டுக்கு மெயில் எழுதும்போது அந்த ஒரு 'திஸ்' சேர்த்துவிடுங்கள்.

முன்னால் என்றால் பிஃபோர் இல்லை

"பிஃபோர் ஃபைவ் இயர்ஸ் ஐ வாஸ் இன் கோயம்புத்தூர்." இது சொக்கத் தமிழ், ஆங்கில உடை போட்டிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்பதில் 'முன்னால்' பிஃபோர் ஆகிவிட்டது. இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதற்கு ஆங்கிலத்தில் அகோ என்று தனிச் சொல் இருக்கிறது: "ஐ வாஸ் இன் கோயம்புத்தூர் ஃபைவ் இயர்ஸ் அகோ."

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் மற்றச் சின்னச் சொற்களெல்லாம் முன்னால் வந்து நிற்க, அகோ மட்டும் நம் 'முன்னால்' மாதிரியே பின்னால் வந்து நிற்கிறது. 'போய்விட்ட, கழிந்த' என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் அது. ஐந்து வருஷம் கழிந்தது என்று வருஷத்தை முதலில் சொல்லிவிட்டுக் கழிந்ததைப் பின்னால் சொல்வது போலத்தான் அந்த வரிசை. நமக்கு இது எளிதாக வரவேண்டிய சொல், ஏனோ வருவதில்லை.

அகோ வந்தால் வினை சாதாரண இறந்தகாலம்தான், 'ஹேவ்' கூடாது. "ஐ ஹேவ் சீன் ஹிம் டூ டேஸ் அகோ" தவறு, "ஐ சா ஹிம் டூ டேஸ் அகோ" சரி. பிஃபோர் வருவது ஒரு குறிப்பிட்ட நாளுக்கோ நிகழ்ச்சிக்கோ முன்னால்: பிஃபோர் ஃப்ரைடே, பிஃபோர் த எக்ஸாம். எவ்வளவு முன்னால் என்றும் சேர்க்கலாம், "டூ டேஸ் பிஃபோர் த எக்ஸாம்". இன்றிலிருந்து எண்ணினால் அகோ, வேறொரு நாளிலிருந்து எண்ணினால் பிஃபோர்.

இன்: ஒரே சொல், இரண்டு வேலை

"பத்து நிமிஷத்தில் வருகிறேன்." இதற்கு நம்மவர்கள் அதிகம் சொல்வது "ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்". புரியாமல் போகாது, ஆனால் இயல்பாக வருவது "இன் டென் மினிட்ஸ்". பேசுகிற இந்தக் கணத்திலிருந்து முன்னோக்கி எண்ணினால் இன். கதை சொல்லும்போது, முடிந்துபோன விஷயத்தில், ஆஃப்டர் நன்றாகவே பொருந்தும்: "ஆஃப்டர் டென் மினிட்ஸ், ஹி கேம் அவுட்." ஆஃப்டர் லஞ்ச், ஆஃப்டர் ஃபைவ் ஓ க்ளாக் எல்லாம் எப்போதும் சரி, அவை நீளம் இல்லை, புள்ளி.

இரண்டாவது வேலை, ஒன்றை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம். சந்திரயான் 3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2023 ஜூலை 14, நிலவில் இறங்கியது ஆகஸ்ட் 23. "இட் காட் தேர் இன் 40 டேஸ்." இறங்கிய பிறகு அங்கே கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேலை செய்தது, அதற்கு "இட் வொர்க்ட் ஃபார் அபவுட் டூ வீக்ஸ்". ஒரே பயணத்தில் ஏன் ஒன்றுக்கு இன், இன்னொன்றுக்கு ஃபார்? இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

போய்ச் சேர்வது என்பதற்கு ஒரு முடிவு உண்டு. சேர்ந்தாகிவிட்டால் அது முடிந்தது, பாதியில் நின்றால் சேரவில்லை என்றுதான் அர்த்தம். வேலை செய்வது, தூங்குவது, நடப்பது, காத்திருப்பது இவற்றுக்கெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஒரு முடிவு கிடையாது, எப்போது நிறுத்தினாலும் அதுவரை செய்தது செய்ததுதான். முடிவுள்ள வேலைக்கு இன், முடிவில்லாத வேலைக்கு ஃபார். "ஐ ஸ்லெப்ட் இன் எய்ட் அவர்ஸ்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தமிழிலும் "எட்டு மணி நேரத்தில் தூங்கினேன்" என்றால் சிரிப்பார்கள். ஸீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆங்கில வினைச்சொற்களை இந்த மாதிரி வகைபிரித்தார், இன்றைக்கும் மொழியியல் மாணவர்கள் அந்த வகைகளைப் படிக்கிறார்கள்.

சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். "ஐ ரெட் த நாவல் ஃபார் அன் அவர்" என்றால் ஒரு மணி நேரம் படித்தேன், நாவல் முடிந்ததா என்பது வேறு விஷயம். "ஐ ரெட் த நாவல் இன் அன் அவர்" என்றால் ஒரு மணி நேரத்தில் படித்து முடித்தேன். தமிழில் 'ஒரு மணி நேரம்', 'ஒரு மணி நேரத்தில்'. வால் இல்லாவிட்டால் ஃபார், 'இல்' இருந்தால் இன். இவ்வளவு அழகாக இரண்டு மொழியும் ஒத்துப்போகும் இடம் அபூர்வம், ஆனாலும் பாடப் புத்தகங்கள் இதைத் தொடுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மங்கள்யான் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். செவ்வாயைச் சுற்ற 2013 நவம்பரில் கிளம்பி 2014 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. திட்டமிட்ட ஆயுள் ஆறு மாதம், "இட் வாஸ் மெண்ட் டு வொர்க் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்", உழைத்ததோ "ஃபார் அபவுட் எய்ட் இயர்ஸ்". இங்கே இன் போட்டால், ஆறு மாதம் கழித்து வேலை செய்யத் தொடங்கும் என்றுகூட யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

அதேபோல "ஐ ஆம் கோயிங் டு டெல்லி ஃபார் எ வீக்" என்றால் போய் ஒரு வாரம் இருப்பேன். "இன் எ வீக்" என்றால் ஒரு வாரம் கழித்துக் கிளம்புவேன். "ஐ வில் டூ இட் இன் அன் அவர்" மட்டும் குழப்பம்தான், ஒரு மணி நேரம் கழித்துச் செய்வேனா, செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகுமா? வெள்ளைக்காரர்களுக்கும் இது குழப்பம்தான். பிரிட்டனில் "இன் அன் அவர்ஸ் டைம்" என்று சொன்னால் ஒரு மணி நேரம் கழித்து என்று தெளிவாகிவிடும்.

விதின் என்பது நம் 'குள்'. "விதின் டென் மினிட்ஸ்" என்றால் மூன்றாவது நிமிஷமும் இருக்கலாம், ஒன்பதாவதும் இருக்கலாம், பத்தைத் தாண்டாது. அதனால்தான் ஆன்லைன் கடைகளின் நிபந்தனைகளில் "விதின் தர்ட்டி டேஸ்" என்று இருக்கும். அங்கே இன் போட்டால் முப்பதாவது நாள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று யாராவது கேட்பார்கள்.

டியூரிங்கும் வைலும்

டியூரிங் நீளத்தைச் சொல்லாது. எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை, எப்போது என்பதற்குத்தான் பதில். "ஐ ஸ்லெப்ட் டியூரிங் த மீட்டிங்" என்றால் மீட்டிங்கின்போது தூங்கினேன், ஐந்து நிமிஷமா ஐம்பது நிமிஷமா என்று அதில் இல்லை. ஆகவே "டியூரிங் டூ அவர்ஸ்" என்று வெறும் எண்ணை அதன் பின்னால் போடக் கூடாது. இரண்டையும் சொல்ல வேண்டுமென்றால் இரண்டையும் போடுங்கள்: "ஐ ஸ்லெப்ட் ஃபார் டென் மினிட்ஸ் டியூரிங் த மீட்டிங்." மேனேஜரிடம் சொல்ல வேண்டாம்.

டியூரிங்குக்கு அடுத்து பெயர்ச்சொல்தான் வரும். முழு வாக்கியம் வந்தால் வைல். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது மைக்கேல் காலின்ஸ் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்: "காலின்ஸ் ஸ்டேட் இன் ஆர்பிட் வைல் த அதர்ஸ் வாக்ட் ஆன் த மூன்." இதையே "டியூரிங் த மூன்வாக்" என்றும் சொல்லலாம். "டியூரிங் த அதர்ஸ் வாக்ட்" என்று சொல்ல முடியாது.

பை, அன்டில்

வெள்ளிக்கிழமைக்குள் கொடு, வெள்ளிக்கிழமை வரை இரு. முதலாவது பை, இரண்டாவது அன்டில் (அல்லது டில், இரண்டும் ஒன்றுதான்). பை என்றால் கெடு, அதற்கு முன்னால் எப்போது முடித்தாலும் சரி. அன்டில் என்றால் அதுவரை இடைவிடாமல் தொடர்வது. "சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளி வரை கொடுத்துக்கொண்டே இரு என்ற மாதிரி ஆகிவிடும்.

கெடு என்றால் நினைவுக்கு வருவது கென்னடி. 1961 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர் வைத்த இலக்கு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கித் திருப்பிக் கொண்டுவருவது. "பை தி எண்ட் ஆஃப் த டெக்கேட்." 1969-இலேயே முடித்துவிட்டார்கள். பை என்பது இப்படித்தான், முன்கூட்டியே முடிந்தாலும் வாக்கு காப்பாற்றப்பட்டதுதான். நிலவு நடையைப் பற்றி இன்னொன்று, 1972 டிசம்பருக்கு அப்புறம் யாரும் அங்கே நடக்கவில்லை: "நோபடி ஹேஸ் வாக்ட் ஆன் த மூன் சின்ஸ் 1972."

பை ஃப்ரைடே என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி, பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு முடிந்தது. கெடு விஷயத்தில் இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்குச் சண்டையே வரும்.

அன்டிலில் தமிழ் நம்மை இன்னொரு தடவை ஏமாற்றும். "நீ பணம் கட்டாத வரைக்கும் சர்ட்டிஃபிகேட் தர மாட்டார்கள்." நம் வாக்கியத்தில் 'கட்டாத' என்று எதிர்மறை இருக்கிறது, அதை அப்படியே கொண்டுபோனால் "அன்டில் யூ டோன்ட் பே" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த எதிர்மறை ஒரு பக்கம்தான் வரும்: "தே வோன்ட் கிவ் இட் அன்டில் யூ பே." கட்டும் வரை தர மாட்டார்கள் என்று தமிழிலேயே மாற்றி நினைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சில்லறை விஷயங்கள்

"பிட்வீன் ஃபைவ் டு சிக்ஸ்" என்று ஒன்று உலவுகிறது. பிட்வீன் என்றால் அண்ட், ஃப்ரம் என்றால் டு. "பிட்வீன் ஃபைவ் அண்ட் சிக்ஸ்", "ஃப்ரம் ஃபைவ் டு சிக்ஸ்". கலக்காதீர்கள்.

ஓவர் என்பது ஒரு காலம் முழுக்கப் பரவி, மெல்ல மெல்ல நடந்ததற்கு வரும்: "ஓவர் த பாஸ்ட் டென் இயர்ஸ், ரென்ட்ஸ் ஹேவ் கான் அப்." ஓவர் த வீக்கெண்ட் என்பதும் இந்த வகை.

காலை, மாலைக்கு இன் (இன் த மார்னிங்), இரவுக்கு அட் (அட் நைட்), கிழமை சேர்ந்தால் ஆன் (ஆன் மண்டே மார்னிங்). ஏன் இரவுக்கு மட்டும் அட் என்று கேட்டால் பழக்கம் என்பதைத் தவிர வேறு நல்ல பதில் கிடையாது, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் முன்னால் எதுவுமே வேண்டாம், "ஆன் லாஸ்ட் மண்டே" இல்லை, வெறும் "லாஸ்ட் மண்டே". அப்புறம் 'இன்று காலை', 'நேற்று ராத்திரி' என்பதை "டுடே மார்னிங்", "எஸ்டர்டே நைட்" என்று மாற்றுகிறோமே, அதற்குப் பதில் "திஸ் மார்னிங்", "லாஸ்ட் நைட்".

கடைசியாக லீவ் மெயில். "ஐ ஆம் ஆன் லீவ் டில் மண்டே" என்று எழுதினால் திங்கட்கிழமை வருவீர்களா, மாட்டீர்களா? தமிழில் "திங்கள் வரை லீவ்" என்றாலும் இதே சந்தேகம்தான். அமெரிக்காவில் "த்ரூ மண்டே" என்பார்கள், அப்படியென்றால் திங்களும் லீவ்தான், பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பழகியவர்களுக்கு அந்த த்ரூ அவ்வளவு பரிச்சயம் கிடையாது, "அப் டு அண்ட் இன்க்ளூடிங் மண்டே" என்று நீட்டி எழுதுவது அவர்கள் பாணி. யார் படித்தாலும் குழம்பாமல் இருக்க, வரை என்பதையே விட்டுவிட்டு வருகிற நாளைச் சொல்லிவிடலாம்: "ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே."